ரூன்: தூரமாக்கப்பட்ட ஒரு தீவு

பிறந்த குழந்தைக்கு உரைமருந்து கொடுக்கிற வீடுகளில் ஜாதிக்காய் கட்டாயம் இருக்கும். வசம்பு, கடுக்காய், மாசிக்காயோடு அதையும் உரைகல்லில் இரண்டு இழைப்பு இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். வெற்றிலையோடு சேர்த்து மென்ற பழைய ஐந்து வாசப்பொருள்களிலும் அது உண்டு. இன்றைக்கு அது கேரளத்திலும் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலும் விளைகிறது. ஆனால் சுமார் 250 வருடங்களுக்கு முன்பு வரை, எந்த நாட்டு அஞ்சறைப் பெட்டியில் ஜாதிக்காய் இருந்தாலும் அது வந்த இடம் ஒன்றுதான்: இந்தோனேசியாவின் கிழக்கே, ஆழமான கடலின் நடுவே கிடக்கும் பண்டா தீவுகள்.

அந்தத் தீவுக்கூட்டத்தின் மேற்கு ஓரத்தில், மற்றவற்றிலிருந்து விலகி நிற்பது ரூன். நீளம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. தீவுக்கு ஒரே ஊர். கடற்கரையிலிருந்து மேட்டில் ஏறும் படிகளை ஒட்டி வீடுகள், அதற்கு மேலே ஜாதிக்காய்த் தோட்டங்கள். பக்கத்தில் நைலாகா என்று ஒரு மணல்திட்டு. கடல் வற்றும் நேரத்தில் ரூனிலிருந்து அதற்கு நடந்தே போய்விடலாம்.

ரூனுக்குப் போய்ச் சேர்வது லேசான காரியம் இல்லை. பண்டா தீவுகள் அடங்கிய மாலுகு மாகாணத்தின் தலைநகர் அம்போன். ஜகார்த்தாவிலிருந்து அங்கே விமானத்தில் சுமார் மூன்றரை மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். அம்போனிலிருந்து பண்டா கூட்டத்தின் முக்கியத் தீவான பண்டா நெய்ராவுக்குக் கப்பல். அரசு நிறுவனமான பெல்னியின் பெரிய கப்பல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் அங்கே தொட்டுப் போகிறது. கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் துலேஹு துறையிலிருந்து விரைவுப் படகும் ஓடும். நெய்ராவில் இறங்கினால் ரூன் இன்னும் 20 கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. மரப்படகில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்குக் காற்று, ஜூன் முதல் ஆகஸ்டு வரை கிழக்குக் காற்று. அந்த மாதங்களில் கடல் எழுந்தால் படகு நாள்கணக்கில் கரையிலேயே கிடக்கும். இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட மாற்றப் பருவங்களில்தான் ஊர் மூச்சு விடுகிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு 'கோடியிலே கிடக்கும் ஊர், அப்படித்தான் இருக்கும்' என்று சொல்லிவிடத் தோன்றும். எனக்கு அதில்தான் உடன்பாடு இல்லை. ரூனின் தூரத்தில் கடலுக்குப் பங்கு கொஞ்சம்தான். மீதித் தூரத்தை மனிதர்கள் உண்டாக்கினார்கள், இன்றும் உண்டாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊரின் இன்றைய வாழ்க்கையையும் நாளைய வழியையும் புரிந்துகொள்ள இது முதலில் விளங்க வேண்டும்.

ஒரு காலத்தில் உலகம் ரூனைத் தேடி வந்தது. ஜாவாவிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் வணிகர்கள் அரிசியும் துணியும் கொண்டுவந்து ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் ஏற்றிப் போனார்கள். மலாக்காவில் குடியிருந்து கிழக்குத் தீவுகளோடு வியாபாரம் செய்தவர்களில் சோழமண்டலக் கரைக்காரர்களும் உண்டு. பண்டாவில் அரசன் கிடையாது. 'ஒராங் காயா' எனப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித்தான் விலை வைத்தார்கள். யாருக்கு விற்பது என்பதும் அவர்கள் முடிவுதான். இதைத்தான் டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியால் பொறுக்க முடியவில்லை. தனக்கு மட்டுமே, தான் சொன்ன விலைக்கு மட்டுமே விற்க வேண்டும் என்றது.

ரூன்காரர்கள் 1616 டிசம்பரில் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார்கள். டச்சுக்காரர்களிடமிருந்து காப்பாற்ற யாராவது வேண்டியிருந்தது. நத்தானியல் கோர்ட்ஹோப் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர் ஒரு சிறு கூட்டத்தோடு வந்து, நாலு வருடம் போல முற்றுகையைத் தாங்கி நின்று, 1620 அக்டோபரில் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் டச்சு ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் பெரும்படையோடு பண்டாவில் இறங்கினார். அங்கே வாழ்ந்தவர்கள் 15,000 பேர் அளவில் இருந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. வெட்டும் பட்டினியும் நாடுகடத்தலும் முடிந்தபோது தீவுகளில் மிஞ்சியவர்கள் ஆயிரத்தைச் சுற்றித்தான். ஊர்ப் பெரியவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தலையை வெட்டிக் கொன்றார்கள். தப்பியவர்களில் சிலர் தென்கிழக்கே கேய் தீவுகளுக்குப் போய்க் குடியேறினார்கள். பண்டா எலி, பண்டா எலாட் என்ற இரண்டு ஊர்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. பழைய பண்டா மொழி பிழைத்திருப்பது அந்த ஊர்களில்தான், பண்டாவில் இல்லை.

காலியான தீவுகளைக் கம்பெனி 'பெர்க்' எனப்பட்ட தோட்டப் பங்குகளாகப் பிரித்து ஐரோப்பியர்களிடம் கொடுத்தது. வேலைக்கு அடிமைகளைப் பல கரைகளிலிருந்து கொண்டுவந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். இதை எழுதும்போது மனம் கனக்கிறது. பண்டா மண்ணில் தமிழ் பேசிய யாரோ ஒருவர் ஜாதிக்காய் பொறுக்கியிருக்கக் கூடும். அவர் பெயர் எந்த ஏட்டிலும் நமக்காகக் காத்திருக்கவில்லை.

பெர்க் பிரித்தபோது லோந்தோர், ஆய், நெய்ரா மூன்று தீவுகளுக்கும் பங்கு கிடைத்தது. ரூனுக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் ரூன் மீது உரிமை கேட்டுக்கொண்டே இருந்ததால், அது அவர்கள் கைக்குத் திரும்பிப் போனாலும் பயன்படக் கூடாது என்று டச்சுக்காரர்கள் அங்கிருந்த ஜாதிக்காய் மரங்களை வெட்டி அழித்திருந்தார்கள். 1667-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் தங்கள் போரை முடித்துக்கொண்ட பிரெடா ஒப்பந்தம் வந்தது. 'ரூனைக் கொடுத்து மன்ஹாட்டனை வாங்கினார்கள்' என்று எல்லோரும் சொல்லும் கதை இங்கே பிறந்ததுதான். நேருக்கு நேர் பண்டமாற்று எதுவும் நடக்கவில்லை. அவரவர் பிடித்ததை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்திட்டார்கள். ரூன் டச்சுக்காரர்களிடமும், மன்ஹாட்டனில் 1664-இல் பிடிபட்ட நியூ ஆம்ஸ்டர்டாம் (இன்றைய நியூயார்க்) ஆங்கிலேயரிடமும் நின்றது. மன்ஹாட்டன் கதை கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: சண்டை போட்டு வாங்கிய தீவில் மரத்தை வெட்டிவிட்டு அதைச் சும்மா போட்டு வைத்தார்களே, அது. ரூன் கோடியாக ஆனது அந்தக் கோடரியில்தான்.

அப்புறம் ஜாதிக்காயே பண்டாவை விட்டுப் போய்விட்டது. 1770-ஐ ஒட்டிப் பிரெஞ்சுக்காரர் பியேர் புவாவ்ரின் முயற்சியில் கன்றுகள் மொரீஷியஸ் போய்ச் சேர்ந்தன. 1796-இல் பண்டாவைப் பிடித்த ஆங்கிலேயர் கன்றுகளைப் பினாங்குக்கும் இலங்கைக்கும் இன்னும் பல இடங்களுக்கும் கொண்டுபோனார்கள். 1800-ஐ ஒட்டிக் குற்றாலத்தில் ஆங்கிலேயக் கம்பெனி போட்ட வாசனைத் தோட்டமும் இந்த ஓட்டத்தில் வந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டில் கரீபியக் கடலின் கிரெனடாவும் சேர்ந்துகொண்டது. உலகத்துக்கு ரூனிடம் வேலை இல்லாமல் போயிற்று.

இன்று ரூனில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள். சுலவேசியின் தென்கிழக்கில் இருக்கும் பூட்டோன் தீவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தோர் இவர்களில் பலர். ஊர் முஸ்லிம் ஊர். தொழுகை அழைப்புதான் அன்றாடத்தின் கடிகாரம். தீவில் ஆறு கிடையாது, ஊற்றும் கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துக் குடிப்பதுதான் வழி. மழை தவறினால் தண்ணீரையும் படகில்தான் கொண்டுவர வேண்டும். நம் ஊரில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். அந்த லாரி கடல் தாண்டி வர வேண்டும் என்று மட்டும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். மின்சாரம் வெகுகாலம் டீசல் எந்திரத்தில், மாலையில் சில மணி நேரம் மட்டும் வந்தது. விடிவதற்கு முன்னும் பின்னுமாகப் படகுகள் நெய்ராச் சந்தைக்குக் கிளம்பும். மதியத்தை ஒட்டி அரிசி, சிமென்ட், மண்ணெண்ணெய், வாழைத்தார் எல்லாம் ஏற்றிக்கொண்டு திரும்பும். அந்தப் படகைத் தவறவிட்டால் அன்றைக்கு வேறு வழி இல்லை.

ஜாதிக்காயை அவர்கள் 'பாலா' என்கிறார்கள், ஜாதிபத்திரியை 'ஃபூலி'. இரண்டாவது டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். மரங்கள் உயரமான கெனாரி மரங்களின் நிழலில் வளர்கின்றன. காற்றையும் வெயிலையும் கெனாரி தாங்கிக்கொள்ளும். அதன் பருப்பு பாதாம்போல் இருக்கும், சமையலுக்கும் பலகாரத்துக்கும் ஆகும். பழுத்த காய் தானாக வெடிக்கும்போது உள்ளே சிவப்பு வலை போர்த்திய கொட்டை தெரியும். அந்த வலைதான் ஜாதிபத்திரி. பறிப்பதற்கு 'காய் காய்' என்று ஒரு கருவி இருக்கிறது: நீண்ட மூங்கில் கழி, முனையில் சின்னக் கூடை, கூடை வாயில் காம்பை இழுக்கக் கொம்புபோல் இரண்டு முனை. கழியை மேலே நீட்டி, வெடித்த காயாகப் பார்த்துத் திருகி எடுக்க வேண்டும். கழுத்து நோகும் வேலை, கண்ணுக்கும் பயிற்சி வேண்டும். பறித்த காயின் சதையை விலக்கி, பத்திரியைக் கிழியாமல் உரித்து வெயிலில் காயவைப்பார்கள். கொட்டையை வாரக்கணக்கில் வெயிலிலோ மெல்லிய புகையிலோ காயவைப்பார்கள். ஓட்டுக்குள் பருப்பு கிலுகிலு என்று ஆடும் சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். பத்திரி எடையில் சொற்பம்தான், விலை கொட்டையைவிட அதிகம்.

பணம் எங்கே ஒழுகிப் போகிறது என்பதும் இந்த வேலையிலேயே தெரிந்துவிடும். ரூன்காரர் ஊர் வியாபாரியிடம் விற்கிறார். அந்தச் சரக்கு நெய்ராவுக்கும் அம்போனுக்கும் போகிறது, அங்கிருந்து பெரும்பாலும் ஜாவாவின் சுரபாயாவுக்குப் போய், அப்புறம்தான் வெளிநாடு. ஒவ்வொரு கையிலும் ஒரு பங்கு நிற்கும். அந்த வியாபாரிதான் அரிசியும் பெட்ரோலும் கடனாகக் கொடுப்பவர் என்றால் விலை பேசும் வாய் அடைத்துப் போகும். பணமுடை வந்தால் காய் பழுக்கக் காத்திருக்க முடியாது. பிஞ்சாகப் பறித்து, சரியாகக் காயாமலே விற்றுவிட வேண்டியதுதான். அப்படி விற்ற கொட்டையில் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்ற நச்சு ஏறும். இதனால் ஐரோப்பிய ஒன்றியம் இந்தோனேசிய ஜாதிக்காய்க்குக் கூடுதல் சோதனை வைத்திருக்கிறது. ஏதோ ஒரு துறைமுகத்தில் சரக்குப் பெட்டகத்தைத் திருப்பி அனுப்பினால், அதன் பாரம் விலைக் குறைவாக இறங்கி இந்தத் தோட்டக்காரர் தலையில்தான் முடிகிறது. கூடிப் பேசி விலை வைத்த பெரியவர்களின் தீவு, இன்று அம்போனிலிருந்து தொலைபேசியில் வரும் விலையைக் கேட்டுக்கொள்கிறது.

இதை மாற்ற முடியாதா? முடியும். அதற்குப் பெரிய விந்தை எதுவும் வேண்டியதில்லை என்பதுதான் என் எண்ணம். மழை வந்தாலும் நனையாத, தரையிலிருந்து உயர்த்திய பொது உலர்த்தும் கூடம், ஈரம் பார்க்கும் சின்னக் கருவி, சேர்த்து வைத்து மொத்தமாக விற்கும் ஒரு கூட்டுறவு, அறுவடைக்கு முந்திய மாதங்களைக் கடத்தக் கொஞ்சம் நியாயமான கடன். இவை இருந்தாலே பிஞ்சில் பறிக்கும் அவசரம் குறைந்துவிடும். காயின் எடையில் பெரும்பங்கு சதைதான். அதில் பெரும்பகுதி மரத்தடியிலேயே அழுகிப் போகிறது. பண்டாப் பெண்கள் அதைச் சர்க்கரையில் ஊறவைத்து 'மனிசான்' செய்கிறார்கள், ஜாம் காய்ச்சுகிறார்கள், மீன் குழம்பிலும் போடுகிறார்கள். நெய்ராவில் இறங்கும் பயணிகள் அதை விரும்பி வாங்குகிறார்கள். ரூனில் செய்து வெளியே அனுப்ப வேண்டுமென்றால், அட்டைப்பெட்டியிலிருந்து புட்டி வரை எல்லாம் கடல் தாண்டி வர வேண்டும். அங்கேயும் கப்பல்தான் குறுக்கே நிற்கிறது.

மீனுக்கும் இதே கதை. பண்டாக் கடல் மஞ்சள் துடுப்புச் சூரைக்குப் பேர்போனது. விடிகாலையில் சின்னப் படகில் போய், ஓங்கில்கள் (டால்பின்கள்) துள்ளும் இடத்தையும் பறவைகள் வட்டமிடும் இடத்தையும் குறி வைத்து, கைத்தூண்டிலில் ஒவ்வொன்றாக இழுப்பார்கள். ஒரு மீன் முப்பது, நாற்பது கிலோவுக்கு மேலும் இருக்கும். வலையில் வாரிச் சுருட்டாமல் இப்படிப் பிடித்த சூரைக்கு உலகச் சந்தையில் நல்ல மதிப்பு. ஆனால் மதிப்பு முழுவதும் ஐஸில் இருக்கிறது. பிடித்த சில மணி நேரத்துக்குள் குளிரில் வைக்காவிட்டால் முதல் தரம் கடைத் தரம் ஆகிவிடும். நாள் முழுவதும் மின்சாரம் இல்லாவிட்டால் ஐஸ் ஆலை எப்படி ஓடும்? 2014 இறுதியில் வெளிநாட்டில் கட்டிய பெரிய கப்பல்களுக்கு அரசு தடை போட்டது சிறு மீனவர்களுக்கு நல்ல காரியம். 2010-இல் செயில் பண்டா விழாவின்போது மாலுகு மாகாணத்தையே தேசத்தின் மீன் களஞ்சியமாக ஆக்குவோம் என்று அன்றைய அதிபர் யுதோயோனோ அறிவித்தார். அந்தக் களஞ்சியத்துக்குக் கதவும் சுவரும் இன்னும் சரியாக வரவில்லை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2014-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் கிராமச் சட்டம் வந்தபிறகு, ஒவ்வொரு கிராமத்துக்கும் தலைநகரிலிருந்து நேராக நிதி வருகிறது. 2019-இல் மொத்தம் 70 லட்சம் கோடி ரூப்பியா, கிராமங்கள் சுமார் 75,000. சராசரியாக ஒரு ஊருக்கு 93 கோடி ரூப்பியா, அதாவது நம் பணத்தில் நாற்பத்தைந்து லட்சத்துக்குப் பக்கம். எதற்குச் செலவழிப்பது என்பதை ஊர் கூடி, 'முஷாவரா' நடத்தி முடிவு செய்ய வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு இது சின்னத் தொகை இல்லை. தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு, படகுத்துறை என்று கண்ணுக்குத் தெரியும் வேலைகளைச் செய்யலாம். என்ன, ஒரு மூட்டை சிமென்ட் சுரபாயாவில் விற்கும் விலைக்கு இங்கே கிடைக்காது. அதே நிதியில் ஜாவா கிராமம் போடும் சாலையில் பாதிகூட இங்கே வராது. அதைச் சரிசெய்யத்தான் 2015-இல் 'கடல் சாலை' என்று மானியக் கப்பல்கள் விட்டார்கள், 2017 முதல் எரிபொருளுக்கு நாடெங்கும் ஒரே விலை என்றார்கள். கிழக்கே போகும் கப்பல் நிறைந்து போகிறது. திரும்பி வரும்போது ஏற்றச் சரக்கு போதவில்லை என்பது அந்தத் திட்டத்தின் தீராத தலைவலி. ரூன் போன்ற தீவுகளில் பொருள் விளையாமல் இல்லை. அதைச் சேர்த்து, காயவைத்து, குளிரவைத்து, துறைக்குக் கொண்டுவரும் கட்டுமானம்தான் இல்லை.

நிர்வாகத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். ரூன் மத்திய மாலுகு மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத் தலைநகர் மசோஹி இருப்பது சேராம் தீவில். ரூன்காரருக்கு அங்கே ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் முதலில் நெய்ரா, அப்புறம் பெரும்பாலும் அம்போன், மறுபடி கடல் தாண்டிச் சேராம் என்று போக வேண்டும். மாலுகு மாகாணத்தின் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல். நிதிப் பகிர்வில் நிலப்பரப்புக்கும் மக்கள்தொகைக்கும் உள்ள எடை கடலுக்கு இல்லை. கடலுக்கும் கணக்கு வைக்கும்படி தனிச் சட்டம் வேண்டும் என்று எட்டுத் தீவு மாகாணங்கள் பல வருடமாகக் கேட்டு வருகின்றன. மசோதா எழுதப்பட்டது, பேசப்பட்டது, அடுத்த நாடாளுமன்றத்துக்குத் தள்ளப்பட்டது. தூரத்தை மனிதர்கள் இன்றும் உண்டாக்குகிறார்கள் என்று நான் சொன்னது இதைத்தான்.

சுற்றுலாவைப் பற்றிப் பெரிய நம்பிக்கைப் பேச்சு உண்டு. பண்டா தீவுகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. மாற்றப் பருவங்களில் முக்குளிப்பவர்களை ஏற்றிய சொகுசுக் கப்பல்கள் நைலாகா பக்கம் வருகின்றன. பவளப்பாறை அழகு சொல்லி மாளாது. ஆனால் அந்தப் பயணிகள் உண்பதும் உறங்குவதும் கப்பலிலேயே. கரையில் இறங்கி, படிகளில் ஏறி, மன்ஹாட்டன் கதை கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால் ஊருக்கு மிஞ்சுவது குறைவு. ஊருக்குள் இரண்டு இரவு தங்குகிறவர் கொடுக்கும் பணம் வீடுகளுக்குள் போகும். அதற்கும் தண்ணீர்தான் முதல் கேள்வி. விருந்தாளி குளிக்கும் ஒவ்வொரு வாளியும் அந்த வீட்டுத் தொட்டியிலிருந்து போவது.

பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குக் கவலையும் நம்பிக்கையும் ஒன்றாக இருக்கின்றன. 1936 முதல் 1942 வரை நெய்ராவில் சிறைவாசம்போல் வைக்கப்பட்டிருந்த ஹத்தாவும் ஷாரிரும் அங்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில் ஒருவர் நாட்டின் முதல் துணை அதிபர், மற்றவர் முதல் பிரதமர். இருவர் பெயரிலும் நெய்ராவில் உயர்கல்வி நிலையம் வந்தது. அம்போன் போக வசதியில்லாத பிள்ளைகளுக்கு அது பெரிய வாசல். மேலே படிக்க வேண்டுமென்றால் ரூன் பிள்ளை தீவை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும். நெய்ராவில் உறவினர் வீட்டுத் திண்ணை, அப்புறம் அம்போனில் வாடகை அறை. போகட்டும், போக வேண்டும். திரும்பி வர ஒரு காரணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வேளாண்மை படித்த பெண் உலர்த்தும் கூடத்தை நடத்தலாம், மீன்வளம் படித்த பையன் ஐஸ் அறையைப் பார்த்துக்கொள்ளலாம், செவிலியர் படிப்பு முடித்தவர் பிரசவ வலி எடுத்தவளை இரவில் அலையில் ஏற்றி நெய்ராவுக்குக் கொண்டுபோகும் அவசியத்தைக் குறைக்கலாம். அந்த வேலைகளை ஊரில் உண்டாக்கச் சம்பளமும் கட்டடமும் வேண்டும். கிராம நிதியால் மட்டும் அது ஆகாது.

ரூனில் இன்று நிற்கும் ஜாதிக்காய் மரங்கள் எல்லாம் அந்த வெட்டுக்குப் பிறகு வந்தவை. பக்கத்துத் தீவுகளிலிருந்து சிலதை மனிதர்கள் கொண்டுவந்து நட்டிருப்பார்கள், சிலதைப் பெரிய காட்டுப் புறாக்கள் கொட்டையோடு விழுங்கிக் கொண்டுவந்து போட்டிருக்கும். கன்று நட்டால் காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். அது ஆண் மரமா பெண் மரமா என்பது பூக்கும்வரை நட்டவருக்கே தெரியாது. இந்த மழைக்கு நட்டால், இன்று ரூன் பள்ளியில் நாலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை நெய்ராவில் மேல்நிலைப் பள்ளியை முடிக்கும் வருடத்தில் முதல் காய் வெடிக்கும்.